இரைப்பை சுருங்கிவிட்டது, இனி வேலை அடுப்படியில்

உடல் எடையைக் குறைக்க அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பலருக்கு முதல் ஆண்டு பண்டிகை போலக் கழியும். மாதம் தவறாமல் எடை இறங்கும். பழைய சட்டை தொளதொளக்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காது. இனிப்புநீர் மாத்திரைகளை மருத்துவரே ஒவ்வொன்றாகக் குறைப்பார். பார்க்கிறவர்கள் எல்லாம், "அடையாளமே தெரியலையே!" என்பார்கள். உண்மையான தேர்வு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

சுவீடனில் 1987ஆம் ஆண்டு தொடங்கி, எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அறுவைக்கு முன்பு நீரிழிவு இருந்தவர்களில் 72 விழுக்காட்டினருக்கு இரண்டு ஆண்டுகளில் நோய் அடங்கியிருந்தது. பத்தாம் ஆண்டில் அந்த எண்ணிக்கை 36 விழுக்காடு. அதாவது பாதியாகக் குறைந்துவிட்டது. அன்று அவர்களில் பெரும்பாலோருக்குச் செய்த அறுவை முறை இன்று ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் புதிய முறைகளிலும் நோய் திரும்பும் போக்கு இருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் குடல் மாற்றுப்பாதை அறுவை செய்துகொண்டவர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2017இல் வெளியானது. அதில் நீரிழிவு அடங்கியவர்கள் இரண்டாம் ஆண்டில் 75 விழுக்காடு, ஆறாம் ஆண்டில் 62, பன்னிரண்டாம் ஆண்டில் 51.

இந்த எண்கள் நமக்கு ஏன் முக்கியம்? மலேசியாவில் 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி, பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். நீரிழிவு உள்ள பெரியவர்கள் 15.6 விழுக்காடு; இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 26.4 விழுக்காடு. நம்மில் நால்வரில் ஒருவருக்கு இனிப்புநீர். ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் வட்டாரங்களில் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வருபவரையோ, புண் ஆறாமல் கால் விரலை இழந்தவரையோ அறியாத குடும்பம் குறைவு. அறுவைக்குத் துணிந்தவர்கள் அந்த நிலைக்குப் போகாமல் தப்பிக்கத்தான் துணிந்தார்கள். அந்தப் பலன் நீடிக்க வேண்டுமானால், அறுவை என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பசியின் குரல் தணியும் காலம்

இன்று பெரும்பாலும் இரண்டு முறைகளில் இந்த அறுவை செய்யப்படுகிறது. முதல் முறையில் இரைப்பையின் ஏறக்குறைய 75 முதல் 80 விழுக்காட்டை வெட்டி எடுத்து, மீதியை ஒரு நீளக் குழாய்போல் விட்டுவிடுவார்கள். இரண்டாவது, குடல் மாற்றுப்பாதை. இரைப்பையின் மேற்பகுதியில் சிறு பை ஒன்றை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியுடன் நேராக இணைத்துவிடுவார்கள். அந்தப் பையில் முட்டை ஒன்றின் அளவுக்குக்கூட உணவு கொள்ளாது.

இடம் சுருங்கியதால் மட்டுமே எடை குறைகிறது என்று நினைத்தால் பாதிதான் சரி. 'கிரெலின்' என்ற பசியைத் தூண்டும் இயக்குநீரை 1999இல் ஜப்பானிய அறிவியலாளர்கள் கண்டுபிடித்தார்கள். அது பெருமளவு சுரப்பது இரைப்பையின் மேல்புறத்தில். அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டால் கிரெலின் குறைகிறது. உணவு சிறுகுடலை விரைவாக அடைவதால், "போதும்" என்று மூளைக்குச் சொல்லும் வேறு இயக்குநீர்கள் கூடுகின்றன. பட்டினி கிடந்து எடை குறைப்பவர் நாள் முழுக்கப் பசியோடு போராடுகிறார். அறுவை செய்துகொண்டவருக்கு அந்தப் போராட்டம் சில காலத்துக்குத் தணிந்திருக்கிறது.

"சில காலத்துக்கு" என்பதைத்தான் அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். எடை பொதுவாக முதல் ஓரிரு ஆண்டுகளில் மிகக் கீழே இறங்கி நிற்கும். சுவீடன் ஆய்வில் குடல் மாற்றுப்பாதை செய்தவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் எடையில் 32 விழுக்காடு இழந்தார்கள்; பத்தாம் ஆண்டில் அந்த இழப்பு 25 விழுக்காடாக இருந்தது. பசி மெல்லத் திரும்புகிறது. ஒரு வேளைக்கு உண்ணக்கூடிய அளவும் கூடுகிறது. எடை குறைந்த உடம்பு முன்பைவிடக் குறைந்த ஆற்றலைச் செலவிட்டுச் சிக்கனமாக இயங்கப் பழகிக்கொள்கிறது. எனவே கொஞ்சம் எடை கூடுவது இயற்கை. அதற்காக ஒருவரைப் பழிப்பது அறிவியலுக்குப் பொருந்தாது. ஆனால் பசி அடங்கியிருக்கும் அந்த ஓரிரு ஆண்டுகளில் புதிய பழக்கங்கள் வேரூன்றிவிட்டால், பிறகு பசி திரும்பும்போது அவை தாங்கிப்பிடிக்கும்.

தோட்டத்துத் தட்டு, தொழிற்சாலை நாற்காலி

பழக்கம் எங்கிருந்து வந்தது? ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் விடியுமுன் எழுந்தார். பெரட்டுக்கு நின்று, பல நூறு மரங்களை ஒவ்வொன்றாகச் சுற்றி வெட்டி, மறுபடியும் அதே மரங்களிடம் போய்ப் பால் எடுத்து, வாளி சுமந்து ஸ்டோருக்கு வந்தார். அந்த உடலுழைப்புக்குச் சீனி போட்ட தேநீரும் தட்டு நிறையச் சோறும் எரிபொருள். அது எரிந்தும் போனது.

இன்று பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன, சில தாமான்களாகிவிட்டன. பிள்ளைகள் ஆயர் குரோவிலும் பத்து பெரெண்டாமிலும் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். மோட்டார் சைக்கிளில் போய், எட்டோ பன்னிரண்டோ மணி நேர ஷிப்டில் ஒரே இடத்தில் நின்றோ உட்கார்ந்தோ வேலை பார்த்துத் திரும்புகிறார்கள். தட்டு மட்டும் தாத்தா காலத்துத் தட்டு. அதனுடன் ரொட்டி சானாயும் மைலோவும் பாசார் மாலாம் பலகாரமும் சேர்ந்துகொண்டன.

அறுவைக்குப் பிறகு சோற்றின் அளவு தானாகக் குறைந்துவிடுகிறது. வயிறு இடம் கொடுக்காது. ஆபத்து, தடையின்றி வழுக்கிக்கொண்டு போகும் பானங்களில் இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி இனிப்புள்ள டின் பாலில் ஏறக்குறைய 11 கிராம் சீனி உண்டு; ஆற்றல் 65 கலோரி. இரண்டு கரண்டி ஊற்றிய தே தாரிக் ஒரு நாளைக்கு மூன்று குவளை என்றால், அதுவே ஏறக்குறைய 390 கலோரி. 300 கிராம் சோற்றுக்குச் சமம். சுருங்கிய இரைப்பையால் அந்தச் சோற்றை ஒரே வேளையில் ஏற்க முடியாது. தேநீரை அது தடுப்பதே இல்லை. மலாக்காவுக்குப் பேர்போன குலா மலாக்கா சேர்த்த செண்டோலுக்கும் இது பொருந்தும்.

குடல் மாற்றுப்பாதை செய்தவர்களுக்கு இனிப்பு வேறு விதத்திலும் தொல்லை தரும். சீனி மிகுந்த உணவு குடலுக்குள் வேகமாக இறங்கினால், அரை மணி நேரத்துக்குள் நெஞ்சு படபடப்பு, வியர்வை, வயிற்று வலி, வயிற்றுப்போக்கு வரலாம். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்து தலை சுற்றும். கடையில் அமர்ந்ததும் "தே ஓ கோசோங்" என்று கேட்கப் பழகுவது எளிய தொடக்கம். ஒரு மாதம் கசக்கும். பிறகு நாக்கு பழகிக்கொள்ளும்.

முதல் கவளம் புரதம்

அறுவை முடிந்த முதல் வாரங்களில் நீராகாரம், பிறகு மசித்த உணவு, பிறகு மென்மையான உணவு என்று படிப்படியாகத்தான் வழக்கமான உணவுக்கு வர முடியும். இதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். எப்போது எதைத் தொடங்குவது என்பதை உணவியல் அதிகாரி சொல்லுவார். அவர் சொல்வதே முடிவு. அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் பின்பற்ற வேண்டியவை சில.

தட்டில் முதலில் புரதம், அடுத்துக் காய்கறி, கடைசியில்தான் சோறு. நம் வழக்கத்தில் சோறுதான் நடுவில் குவியும், மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள. அந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை என்பது பொதுவான பரிந்துரை. அது கிடைக்காவிட்டால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும்.

60 கிராம் என்பது எட்டாத அளவன்று. காலைப் பசியாறலுக்கு ஒரு முட்டையும், கெட்டிச் சாம்பாருடன் ஒரு சிறு தோசையும் எடுத்தால் ஏறக்குறைய 9 கிராம். பத்து மணிக்குச் சீனி சேர்க்காத ஒரு குவளைப் பால் 8 கிராம். மதியம் ஒரு துண்டு கெம்போங் மீன் 15 கிராம். மாலையில் எண்ணெயில் பொரிக்காத தெம்பே 50 கிராம் எடுத்தால் 9 கிராமுக்குக் குறையாது. இரவில் தோல் நீக்கிய கோழியும் ஒரு கரண்டி பருப்பும் 20 கிராம். கூட்டினால் 60ஐத் தாண்டிவிடும். இதில் எதுவும் தனிக்கடையில் வாங்க வேண்டியதில்லை.

புரட்டாசி மாதமும் செவ்வாய், வெள்ளியும் சைவம் இருப்பவர்கள் பருப்பு, தெம்பே, சோயாக் கட்டி, தயிர், பால் ஆகியவற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்த நாள்களில் சோறும் ரசமும் அப்பளமும் மட்டும் போதும் என்று விட்டுவிடுவதுதான் பிரச்சினை. முழு உபவாசம் இருக்க விரும்பினால் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஒரே மூச்சில் நிறையத் தண்ணீர் குடிக்க முடியாத இரைப்பை என்பதால் உடலில் நீர் வற்றிப்போக வாய்ப்பு அதிகம்.

நன்றாக மென்று, ஒரு வேளை உணவை இருபது முதல் முப்பது நிமிடத்தில் முடிப்பது நல்லது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். தொலைக்காட்சி முன்னால் நாள் முழுக்கக் கொறிப்பது, எடை திரும்புவதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று. சிறு கிண்ண முறுக்குக்கு எந்த இரைப்பையிலும் இடம் உண்டு.

புழுங்கல் அரிசி சொன்ன பாடம்

அறுவைக்குப் பிறகு தினமும் சத்து மாத்திரை சாப்பிடச் சொல்கிறார்கள். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று ஓராண்டில் நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அது ஏன் ஆபத்து என்பதை மலாயாவின் பழைய வரலாறு ஒன்று விளக்கும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த நாட்டில் 'பெரி பெரி' என்ற நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் மரத்து, வீங்கி, இதயம் செயலிழந்து இறந்தார்கள். ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்களை அது வாட்டியது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களிடம் அரிதாகவே காணப்பட்டது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினார். மருத்துவர் வில்லியம் பிளெட்சர் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் இதைச் சோதித்து 1907இல் முடிவை வெளியிட்டார். நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தீட்டிய பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். பச்சரிசிப் பிரிவில் 18 பேர் பெரி பெரியால் இறந்தார்கள். புழுங்கல் அரிசிப் பிரிவில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அந்தச் சத்துதான் பிற்காலத்தில் தயமின், அதாவது வைட்டமின் பி1, என்று அறியப்பட்டது.

அந்தப் பழைய நோய் இன்று அறுவை அரங்குக்கு வெளியே மீண்டும் தலைகாட்டுகிறது. உடம்பில் தயமின் இருப்பு இரண்டு, மூன்று வாரங்களுக்கு மட்டுமே போதும். அறுவைக்குப் பிறகு தொடர்ந்து வாந்தி எடுப்பவருக்கு அது வற்றிவிடும். கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, கண் இரட்டையாகத் தெரிவது, குழப்பமாகப் பேசுவது இதன் அறிகுறிகள். "சாப்பிட்டது ஒத்துக்கலை" என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. இரண்டு, மூன்று நாள் வாந்தி நிற்காவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் மூளைப் பாதிப்பு நிரந்தரமாகிவிடக்கூடும்.

வைட்டமின் பி12 இதற்கு நேர் எதிர். அதன் இருப்பு ஆண்டுக்கணக்கில் தாங்கும் என்பதால், குறைபாடு இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும் வேளையில் வரும். மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைந்து ரத்தசோகை ஏற்படலாம். சுண்ணாம்புச்சத்தும் வைட்டமின் டியும் குறைந்தால் எலும்பு தேயும். இரும்பு மாத்திரையையும் சுண்ணாம்பு மாத்திரையையும் ஒன்றாக விழுங்காமல் இரண்டு மணி நேர இடைவெளி விட வேண்டும். இரும்பு மாத்திரையைத் தேநீரோடு சாப்பிட்டால் பலன் குறையும்.

மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் சில வலிநிவாரணிகளும் கவனத்துக்குரியவை. குடல் மாற்றுப்பாதை செய்தவர்களுக்கு அவை இணைப்பு இடத்தில் புண் உண்டாக்கக்கூடும். புகைபிடித்தாலும் அதே ஆபத்து. மருந்துக் கடையில், "எனக்கு இரைப்பை அறுவை நடந்திருக்கிறது" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பேசத் தயங்கும் இரண்டு

ஒன்று, மது. கள்ளுக்கடையும் பிறகு சம்சுவும் தோட்டக் குடும்பங்களை எப்படிக் குலைத்தன என்பது நமக்குத் தெரிந்த கதை. அறுவைக்குப் பிறகு மது இன்னொரு விதத்தில் ஆபத்தாகிறது. இரைப்பையில் தங்காமல் குடலுக்குள் நேராக இறங்குவதால், அது ரத்தத்தில் வேகமாக ஏறுகிறது. முன்பு இரண்டு குவளை தந்த போதையை இப்போது ஒன்றே தரும். அமெரிக்காவில் 2012இல் வெளியான ஓர் ஆய்வில், மதுவால் சிக்கலுக்கு உள்ளானவர்கள் அறுவைக்கு முந்தைய ஆண்டில் 7.6 விழுக்காடாக இருந்தது, அறுவைக்குப் பிந்தைய இரண்டாம் ஆண்டில் 9.6 விழுக்காடாக உயர்ந்தது. உணவில் ஆறுதல் தேடியவருக்கு அந்த வழி அடைபட்டதும் மனம் வேறு வழியைத் தேடலாம்.

மற்றொன்று, மனம். எடை குறைந்தால் எல்லாத் துயரமும் தீரும் என்று எதிர்பார்த்தவர், அது நடக்காதபோது சோர்ந்துபோகலாம். முதல் சில மாதங்களில் முடி கொட்டுவதும் தோல் தொங்குவதும் பெண்களைப் பெரிதும் வருத்துகின்றன. முடி பெரும்பாலும் மீண்டும் வளரும். தூக்கமின்மை, அழுகை, வாழ்வில் வெறுப்பு ஆகியவை வந்தால், அதையும் அறுவைக்குப் பிந்தைய சிகிச்சையின் பகுதியாகவே எண்ணி மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வீடு மாறாமல் ஒருவர் மாற முடியுமா?

அறுவை ஒருவருக்கு, அடுப்பு எல்லாருக்கும் ஒன்று. மருமகளுக்கு ஒரு சமையல், மற்றவர்களுக்கு ஒரு சமையல் என்பது எத்தனை மாதம் நடக்கும்? வீட்டில் டின் பால் இருக்கும்வரை கை அதைத் தேடும். நீரிழிவு குடும்பத்தில் ஓடும் நோய் என்பதால், அறுவை செய்துகொண்டவருக்கான தட்டு பிள்ளைகளுக்கும் நல்லதே. சோற்றின் அளவு மட்டும் வயதுக்கும் உழைப்புக்கும் ஏற்ப மாறும்.

விருந்தோம்பல்தான் அடுத்த சோதனை. கல்யாண வீட்டில், "என்னக்கா, கொறிக்கிறீங்க? இன்னும் கொஞ்சம் வைக்கிறேன்" என்று சோற்றை அள்ளி வைப்பது நம் அன்பு. செங் சன்னாசிமலை மாசி மகத் திருவிழாவில் அன்னதானத்தை மறுப்பது பாவம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு கரண்டி வாங்கி, நிதானமாக உண்டு, எழுந்துவிடலாம். அதற்கு மேல் வற்புறுத்தாமல் இருப்பதுதான் பரிமாறுகிறவர் காட்டும் அன்பு. சுருங்கிய இரைப்பையில் நான்கு கவளம் கூடினால் வாந்தியில் முடியும்.

உடற்பயிற்சிக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. காலையிலோ இரவு உணவுக்குப் பிறகோ தாமானைச் சுற்றி நாளும் அரை மணி நேரம் வேகமாக நடந்தாலே, ஐந்து நாளில் 150 நிமிடம் சேர்ந்துவிடும். நடையோடு, தண்ணீர் நிரப்பிய போத்தலைத் தூக்கி இறக்குவது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுவது போன்ற தசைப் பயிற்சிகளையும் வாரத்தில் இரண்டு நாள் செய்வது நல்லது. தசைதான் படுத்திருக்கும்போதும் ஆற்றலைச் செலவிடும்.

யாருக்கு, எப்போது?

இந்த அறுவை அழகுக்காகச் செய்வதன்று. ஆபத்தும் உண்டு, ஆயிரத்தில் ஒருவர் முதல் மூவர்வரை அறுவையை அடுத்த முப்பது நாளில் இறக்க நேரிடலாம். கட்டுப்படாத நீரிழிவும் பருமனும் தரும் ஆபத்தோடு ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள்.

இந்திய உடம்பு வெளியே ஒல்லியாகவும் உள்ளே கொழுப்பு மிகுந்தும் இருக்கலாம். புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் மருத்துவர் யுட்கினும் 2004இல் தங்கள் உடம்பையே எடுத்துக்காட்டாக வெளியிட்டார்கள். இருவருக்கும் எடைக் குறியீட்டெண் 22.3தான். யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2. அதனால்தான் ஆசியர்களுக்கு அளவுகோல் தாழ்த்தப்பட்டிருக்கிறது. 2022இல் வந்த அனைத்துலக வழிகாட்டி, ஆசியர்களுக்கு 27.5 குறியீட்டெண்ணிலிருந்தே இந்த அறுவையைப் பரிசீலிக்கலாம் என்கிறது. காலமும் முக்கியம். யூட்டா ஆய்வில், அறுவைக்கு முன்பு மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 56 விழுக்காட்டினருக்குப் பன்னிரண்டாம் ஆண்டிலும் நீரிழிவு அடங்கியிருந்தது. இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர்களில் அது 16 விழுக்காடுதான்.

அறுவையை எண்ணுகிறவர்கள் மருத்துவரிடம் செலவையும் தழும்பையும் பற்றி மட்டும் கேட்காமல், "ஐந்தாம் ஆண்டில் என்னை யார் பார்ப்பார்கள்? ரத்தப் பரிசோதனை எங்கே? உணவியல் அதிகாரியை எத்தனை முறை சந்திப்பேன்?" என்றும் கேளுங்கள். பெண்கள், அறுவைக்குப் பிறகு 12 முதல் 18 மாதம்வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும் என்பதையும் கணவருடன் பேசிவிடுங்கள்.

ஏற்கெனவே செய்துகொண்டவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது ரத்தச் சர்க்கரை, இரும்பு, பி12, வைட்டமின் டி ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில் எடை பாருங்கள். இறங்கிய எடையிலிருந்து நான்கைந்து கிலோ கூடியிருந்தால் வெட்கப்பட்டு கிளினிக்குக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். உணவுமுறை, மருந்து, தேவைப்பட்டால் மறு அறுவை என்று இன்று வழிகள் உள்ளன. கூடிய எடை ஐந்து கிலோவாக இருக்கும்போது போனால், இருபது கிலோவான பிறகு போவதைவிட வேலை எளிது. அடுத்த பரிசோதனைக்கு உங்கள் அட்டையில் எழுதியிருக்கும் நாள் கடந்துவிட்டிருந்தால், இந்த வாரமே தொலைபேசியில் அழைத்துப் புதிய நாளை வாங்கிவிடுங்கள்.